காப்பீடு கூடினால் மருத்துவச் செலவு கூடுமா?

முழுமையான மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள், குறைவான காப்பீடு உள்ளவர்களைவிடச் சிகிச்சைக்கு அதிகம் செலவிடுகின்றனர் என்பது எந்தக் கணக்கைப் பார்த்தாலும் தெரிவதுதான் என்றாலும், அதன் காரணத்தை அறிவது எளிதன்று. நோயை எதிர்பார்ப்பவர் பிரீமியம் கூடினாலும் விரிவான திட்டத்தையே நாடி வாங்குகிறார்; இதனைப் பொருளியலாளர் பாதகத் தேர்வு என்பர். மறுபுறம், கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் என்பதாலேயே, தயங்கியிருக்கக்கூடியவரும் மருத்துவரிடம் செல்கிறார். இதை ஒழுக்கக் குறைவாகக் கொள்ளாமல், விலை குறையும்போது நுகர்வு பெருகும் இயல்பாகவே காண வேண்டும் என்று 1968-இல் பொருளியலாளர் மார்க் பாலி வாதிட்டார்.

தாமே திட்டத்தைத் தேர்ந்துகொண்டவர்களை ஆராய்ந்தால் இவ்விரு காரணங்களும் பின்னிக்கிடக்கும் என்பதால், தேர்வையே அவர்கள் கையிலிருந்து எடுத்துவிடும் சோதனை ஒன்றை அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம், ஜோசப் நியூஹவுஸின் தலைமையில், 1970களில் தொடங்கியது. டேட்டன், சியாட்டில் உள்ளிட்ட ஆறு இடங்களில் ஏறத்தாழ 2,750 குடும்பங்கள் குலுக்கல்போன்ற முறையில் வெவ்வேறு திட்டங்களில் சேர்க்கப்பட்டன. சிலருக்குச் சிகிச்சை முற்றிலும் இலவசம். மற்றவர்கள் திட்டத்திற்கேற்பக் கட்டணத்தில் 25, 50 அல்லது 95 விழுக்காட்டைத் தாமே செலுத்த வேண்டும். ஆயினும், குடும்பம் ஓராண்டில் செலுத்தும் தொகைக்கு வருமானத்தை ஒட்டிய உச்சவரம்பு இருந்தது; அதைத் தாண்டியபின் எல்லாமே இலவசம்.

95 விழுக்காட்டைச் செலுத்திய குடும்பங்களின் மருத்துவச் செலவு, இலவசத் திட்டத்தாரின் செலவைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாக இருந்தது. இந்தக் குறைவு, ஒவ்வொரு சிகிச்சையும் மலிவானதால் வந்ததன்று. மருத்துவரிடம் செல்வதும் மருத்துவமனையில் சேர்வதும் குறைந்ததாலேயே வந்தது. ஒருமுறை உள்ளே சென்றபின் என்ன செய்வது என்பதை மருத்துவரே முடிவு செய்ததால், அந்தச் சிகிச்சைக்கு ஆகும் செலவு திட்டத்திற்குத் திட்டம் பெரிதாக மாறவில்லை. மேலும், மக்கள் தேவையற்ற சிகிச்சையை மட்டும் தவிர்க்கவில்லை. பயனுள்ளதையும் ஏறக்குறைய அதே அளவில் தவிர்த்தனர். எது அவசியம் என்று நோயாளியே பிரித்தறிவார் என்னும் நம்பிக்கை, கட்டணப் பங்கீட்டை ஆதரிப்போருக்கு இன்றும் உண்டு. சோதனையின் முடிவு அதற்கு இடம் தரவில்லை.

இலவசத் திட்டத்தில் இல்லாதவர்களின் உடல்நலம் சராசரியில் குறிப்பிடத்தக்க அளவு கெடவில்லை என்பது உண்மையே. ஆனால் உயர் இரத்த அழுத்தம் உடைய ஏழைகளைத் தனியே பார்த்தபோது, இலவசச் சிகிச்சை பெற்றவர்களின் அழுத்தம் நன்கு கட்டுப்பட்டிருந்தது. சராசரி என்பது இத்தகைய வேறுபாட்டை மறைத்துவிடும் இயல்புடையது. கட்டணத் திட்டங்களிலிருந்து பலர் பாதியில் விலகியது முடிவுகளைத் திரித்திருக்கலாம் என்னும் விமர்சனம் பின்னர் எழுந்து, இன்னும் விவாதிக்கப்படுகிறது. இலவசச் சிகிச்சையால் இரத்த அழுத்தத்தில் கிடைத்த நன்மையின் பெரும்பகுதியை ஒரே ஒரு முறை செய்யும் பரிசோதனையாலேயே பெற முடியும் என்பதையும் ராண்ட் ஆய்வாளர்களே கண்டறிந்தனர்.