பண்ணைக் குடில்களும் தட்டி வீடுகளும்

மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் ரயில் சாம்பியன், உரிகாம், கோரமண்டல் ஆகிய நிலையங்களைக் கடந்து பங்காருப்பேட்டையை அடைகிறது. அங்கிருந்து மாலூர் வழியாகப் பெங்களூர் நோக்கிச் செல்கிறது. வண்டியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்போரில் பெரும்பாலோர் தமிழர். கோலார் தங்கச் சுரங்கங்களில் உழைத்தவர்களின் மக்கள், பேரர்கள். கையில் சாப்பாட்டு அடுக்குடன் அவர்களில் பலர் ஒயிட்பீல்டு நிலையத்திலேயே இறங்கிவிடுகின்றனர். இன்று கணினி நிறுவனங்களுக்குப் பெயர் பெற்ற அவ்வூர், ஒரு காலத்தில் உழவுக்கென்றே உருவாக்கப்பட்ட குடியிருப்பு என்பதை அறிந்தோர் அவர்களுள் மிகச் சிலரே.

அக்குடியிருப்பின் கதை சென்னையில் தொடங்குகிறது. ஆங்கிலோ-இந்தியர்களுக்கு அரசாங்க உத்தியோகமே கதி என்றிருந்த நிலை மாற வேண்டும் என்று கருதியவர் டி. எஸ். ஒயிட் என்பவர். சொந்த நிலத்தில் உழைத்து வாழ்வதே தம் சமூகத்தாருக்கு மதிப்பைத் தரும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். 1882-இல் மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் இம்முயற்சிக்கென ஏறத்தாழ 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். நடுவே ஒரு பசும்புல் திடல், அதைச் சுற்றி வட்டமாக ஒரு வீதி, வீதியோரம் தோட்டத்துடன் கூடிய வீடுகள் என்ற அமைப்பில் ஊர் வகுக்கப்பட்டது. அந்த உள்வட்டம் இன்றும் இருக்கிறது. வீடுகள்தாம் குறைந்துபோயின.

அவ்வீடுகளைச் சற்று நின்று பார்ப்பது தகும். பருத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, முன்புறம் ஆழ்ந்த தாழ்வாரம், மேலே சரிவான ஓட்டுக்கூரை. மங்களூரில் 1865-இல் பாசல் மிஷனார் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவிய பின்னர் தென்னாடெங்கும் பரவிய தட்டை ஓடுகள் அவை. ஓட்டின் இடுக்குகள் வழியே சூடேறிய காற்று வெளியேறும். தாழ்வாரம் வெயிலையும் மழைச்சாரலையும் சுவரில் படாமல் தடுக்கும். ஆங்கிலேய நாட்டுப்புறத்தின் நினைவில் கட்டப்பட்டவையேயாயினும், இந்நாட்டு வெயிலுக்குப் பணிந்து கட்டப்பட்டவை என்பதே நம் கருத்து. ‘பங்களா’ என்ற சொல்லே வங்காளத்துக் கூரை வீட்டிலிருந்து பிறந்ததன்றோ! மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தகைய சொற்கள் எப்போதும் சங்கடம் தருபவை. ‘காட்டேஜ்’ என்பதைக் ‘குடிசை’ என்று எழுதினால் அகராதி ஒப்புக்கொள்ளும்; சாம்பியன் ரீப்ஸ்காரர் சிரிப்பார்.

ஏன் சிரிப்பார் என்பதைச் சொல்ல வேண்டும். ஒயிட்பீல்டில் பண்ணைகள் எழுந்த அதே ஆண்டுகளில்தான் கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் எழுந்தன. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே வேலையை மேற்கொண்டனர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து, பெரும்பாலும் நிலமற்ற ஆதிதிராவிட மக்கள், கூட்டங் கூட்டமாகச் சென்று குடியேறினர். பண்ணைத் திட்டமோ எதிர்பார்த்த அளவு பலிக்கவில்லை. இளைஞர்கள் ரயில்வேயையும் சுரங்கத்தையும் நாடினர். ஒயிட்பீல்டு மெல்ல மெல்ல ஓய்வு பெற்றோர் ஊராயிற்று. இவ்வாறு ஒரே ரயில் பாதை இரண்டு குடியேற்றங்களையும் பிணைத்தது.

சாம்பியன் ரீப்ஸில் மேலதிகாரிகளுக்கு பங்களாக்கள் இருந்தன. தொழிலாளருக்குக் கிடைத்தது ‘தட்டி’. மூங்கிலைப் பிளந்து பாயாக முடைந்து, கழிகளில் கட்டி, மண் பூசினால் சுவர். உள்ளே ஓர் அறை. அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை. இரவு வேலை முடித்து வந்தவர் உறங்கும் வேளையில் குழந்தைகள் வெளியேதான் இருந்தாக வேண்டும். பின்னர் தகரக்கூரை வந்தது; கோடையில் அதன்கீழ் இருப்பது அடுப்பின் அருகிருப்பதற்கு ஒப்பாகும். தட்டிகள் வரிசை வரிசையாக அமைந்தமையால் ‘லைன்’ என்ற பெயர் ஏற்பட்டது. சிவசமுத்திரத்திலிருந்து 1902-இல் சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியே மின்சாரம் கொண்டுவரப்பட்டதை நாடே வியந்தது. அது வந்தது சுரங்கத்தின் யந்திரங்களுக்காக என்பதையும் உடன் நினைக்க வேண்டும்.

சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. அவ்வளவு ஆழத்தில் பாறை தன்மேல் உள்ள பாரத்தைத் தாங்க மாட்டாமல் திடீரென வெடிக்கும். மேலே தரை அதிரும். அப்போது கல்லும் காரையுமான சுவரில் விரிசல் காணும். முடைந்த தட்டியோ அசைந்து கொடுத்துவிட்டு நிற்கும். ஆயினும் அதன் பெருமையைப் பேச அவ்வீட்டாருக்கு மனம் வராது. தரை அதிர்ந்தால், உள்ளே இறங்கியவர் மேலே வருவாரா என்பதுதான் அவர்தம் கவலை.

சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. பங்களாக்கள் பல பாழடைந்து நிற்கின்றன. லைன் வீடுகளில் குடும்பங்கள் தொடர்ந்து வாழ்கின்றன. தலைமுறை தலைமுறையாகப் பழுது பார்த்துப் பார்த்து, பழைய தட்டி எது, பின்னர் எழுப்பிய சுவர் எது என்று சொல்ல இயலாதபடி மாறிவிட்டன. ஒயிட்பீல்டிலும் தொண்ணூறுகளின் இறுதி தொட்டு நிலத்தின் விலை ஏற ஏற, ஓட்டு வீடுகள் இடிந்து அடுக்கு மாடிகள் எழுந்தன. எனினும் பண்ணைக் குடில்களைப் பற்றிப் படமும் கட்டுரையும் வருகின்றன, அது நன்றே. தட்டி வீட்டைக் குறித்து அவ்வாறு அளந்து எழுதினோர் சிலரே. மூங்கிலும் மண்ணும் மரபாக மாட்டா என்று யார் தீர்மானித்தது?

தங்கவயலைவிட்டுப் பம்பாய்க்கும் தில்லிக்கும் வேறு ஊர்களுக்கும் சென்ற நேயர் பலர் இருப்பீர்கள். உங்கள் வீட்டு முதியவரிடம் ஒரு மாலை நேரம் அமர்ந்து கேளுங்கள்: அறையின் நீளம் எத்தனை அடி, வாசல் எத்திசை, தட்டி முடைந்தவர் யார், மண்ணை எங்கிருந்து எடுத்தார்கள், மழைக்காலத்தில் அரிசிப் பானையை எந்த மூலையில் வைத்தார்கள். விடைகளை ஒரு நோட்டில் எழுதி, தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.