விமானம் தடுமாறுகிறதா? எதை மாற்றினால் சரியாகும்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில மாதங்கள் கழிந்ததும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “கேம் திக்கித் திக்கி ஓடுகிறது. எந்தப் பாகத்தை மாற்றினால் வேகம் கூடும்?” இதற்கு ஒரே பதில் இல்லை. உங்கள் கம்ப்யூட்டரில் எது தடுக்கிறது என்று தெரியாமல் எதை மாற்றினாலும் பணம் வீணாகும். இதை நான் விமான சிமுலேட்டர் ஒன்றை வைத்துத்தான் கற்றுக் கொண்டேன்.

எனக்கு ஊர் விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் வத்திராயிருப்பு. அக்கா மகன் பிளஸ் 1 படிக்கிறான். பைலட் ஆக வேண்டும் என்பது அவன் ஆசை. வீட்டுக் கம்ப்யூட்டரில் மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர் 2020 போட்டுக் கொடுத்திருந்தேன். மதுரை விமான நிலையத்தில் செஸ்னா 172 விமானத்தைக் கிளப்பி, திருமங்கலம், தே.கல்லுப்பட்டி வழியாக நம் ஊருக்குப் பறந்து வருவது அவன் பழக்கம். ஆகாய வழியில் சுமார் 55 கி.மீ. தூரம், கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். சதுரகிரி மலையும் பிளவக்கல் அணையும் கண்ணில் பட்டதும், “மாமா, ஊரு வந்திருச்சு!” என்று கத்துவான்.

மலைப்பக்கம் எல்லாம் ஓரளவு நன்றாகவே ஓடும். மதுரையில் தரையிறங்கும்போதுதான் தொல்லை. படம் அப்படியே நிற்கும். ஒரு நொடி கழித்துப் பார்த்தால் விமானம் ரன்வேக்கு வெளியே கிடக்கும். அக்கா தென்னந்தோப்புக் குத்தகைப் பணத்திலிருந்து 30 ஆயிரம் ரூபாயை எடுத்து என் கையில் கொடுத்து, “தம்பி, அவன் ஆசைப்படுறான். என்ன வேணுமோ வாங்கிப் போடு. ஆனா ஒரு தடவைதான் தர முடியும்” என்றார். கடையில் கேட்டேன். “பெரிய கிராபிக்ஸ் கார்டு போடுங்கள்” என்றார்கள். அன்றைக்கு வாங்கியிருந்தால் முழுப் பணமும் போயிருக்கும், தடுமாற்றமும் தீர்ந்திருக்காது. ஏன் என்று பார்ப்போம்.

சிமுலேட்டர் ஏன் கம்ப்யூட்டரை வாட்டுகிறது?

மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டரின் முதல் பதிப்பு 1982ல் வந்தது. அந்த நாட்களில் ஐ.பி.எம். பிசிக்கு இணையானது என்று சொல்லி விற்ற கம்ப்யூட்டர்களை, இந்த சிமுலேட்டரை ஓட்டிப் பார்த்துத்தான் பலர் சோதித்தார்களாம். அது ஓடினால் எல்லாம் ஓடும் என்பது கணக்கு. அன்று முதல் இன்று வரை கம்ப்யூட்டரின் ஒவ்வொரு பாகத்திற்கும் வேலை வைக்கும் புரோகிராம் இது.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விமானத்தின் எடை, காற்று, இறக்கையின் தூக்கு விசை, மற்ற விமானங்களின் போக்கு ஆகியவற்றைக் கணக்கிடுவது பிராசசர். அந்தக் கணக்கை வைத்து மலை, மேகம், கட்டடங்களை வரைவது கிராபிக்ஸ் கார்டு. வேலைக்கு வேண்டியவற்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பது ராம் மெமரி. அவற்றை எடுத்துக் கொடுப்பது ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. 2020 பதிப்பில் இன்டர்நெட்டும் ஒரு பாகம் மாதிரிதான். பூமியின் செயற்கைக்கோள் படங்கள் பறக்கும் போதே இறங்கிக் கொண்டிருக்கும்.

தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுபவர்களுக்கு இது எளிதில் புரியும். மோட்டார் பெரிதாக இருந்து பைப் சிறிதாக இருந்தால், மோட்டாரை மாற்றிப் பயனில்லை. கிணற்றில் ஊற்றே குறைவு என்றால் பைப்பை மாற்றியும் பயனில்லை. முதலில் எங்கே தடை என்று பார்க்க வேண்டும்.

தடையைக் கண்டுபிடிக்கும் சோதனை

இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் போதும்.

1. ஒரு நொடியில் திரையில் எத்தனை படங்கள் வரையப்படுகின்றன என்பதை எப்.பி.எஸ். என்பார்கள். விமான சிமுலேட்டருக்குத் தொடர்ந்து 30 இருந்தால் தாராளம். துப்பாக்கிச் சண்டை கேம்கள் போல 100க்கு மேல் தேவையில்லை. 2020 பதிப்பில் இதைப் பார்க்க, ஆப்ஷன்ஸ் பகுதியில் டெவலப்பர் மோடை ஆன் செய்திடவும். மேலே ஒரு மெனு பட்டை தோன்றும். அதில் டிஸ்ப்ளே எப்.பி.எஸ். என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

2. தடுமாறும் இடத்திற்கே சென்று விமானத்தை நிறுத்துங்கள். எங்களுக்கு அது மதுரை. எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள்.

3. கிராபிக்ஸ் செட்டிங்கில் ரெண்டர் ஸ்கேலிங் என்பதை 100லிருந்து 50க்குக் குறையுங்கள். கிராபிக்ஸ் கார்டின் வேலை வெகுவாகக் குறையும். படம் மங்கலாகும், பரவாயில்லை.

4. மீண்டும் எண்ணைப் பாருங்கள். நன்றாக ஏறியிருந்தால் தடை கிராபிக்ஸ் கார்டில். ஏறவே இல்லை என்றால் தடை பிராசசர் பக்கம்.

எங்கள் கம்ப்யூட்டரில் 19 என்று இருந்தது, 50க்குக் குறைத்த பிறகும் 20க்கு மேல் போகவில்லை. அதே பட்டையில் “லிமிட்டெட் பை மெயின் த்ரெட்” என்றும் காட்டியது. அதாவது கிராபிக்ஸ் கார்டு சும்மா காத்துக் கொண்டிருக்கிறது, பிராசசரின் கணக்கு முடியவில்லை. பெரிய கார்டு வாங்கியிருந்தால் அதுவும் சேர்ந்து காத்திருக்கும்!

இங்கே ஒரு சந்தேகம் வரும். டாஸ்க் மானேஜரில் பார்த்தால் பிராசசர் 40 சதவீதம்தானே வேலை செய்கிறது என்று கேட்கலாம். நான்கு கோர்களில் ஒன்று முழு மூச்சாக ஓடி, மற்றவை ஓய்ந்திருந்தாலும் மொத்தக் கணக்கு குறைவாகத்தான் காட்டும். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்பார்மன்ஸ் டேபில் சி.பி.யு. படத்தின் மீது ரைட் கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசசர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும்.

குறைந்தபட்சத் தேவை என்பதை நம்பலாமா?

எங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது இன்டெல் ஐ5-4460 பிராசசர், 4 ஜிபி நினைவகம் உள்ள ஜி.டி.எக்ஸ். 1650 கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். 2020 பதிப்புக்கு நிறுவனம் சொன்ன குறைந்தபட்சத் தேவையும் இதே ஐ5-4460, 8 ஜிபி ராம், 150 ஜிபி டிஸ்க் இடம், 5 எம்.பி.பி.எஸ். இன்டர்நெட் என்பதுதான். இதைப் பார்த்து நான் நிம்மதியாக இருந்துவிட்டேன். குறைந்தபட்சம் என்றால் “ஓடும்” என்றுதான் பொருள். “நன்றாக ஓடும்” என்று பொருள் அல்ல. பரிந்துரைக்கப்படும் அளவு என்ற இன்னொரு வரி இருக்கும். அதில் ராம் 16 ஜிபி, இன்டர்நெட் 20 எம்.பி.பி.எஸ். என்று போட்டிருந்தது. எப்போதும் அந்த வரியைப் பாருங்கள். 2024 நவம்பரில் வந்த அடுத்த பதிப்புக்குக் குறைந்தபட்சமே 16 ஜிபி ராம் வேண்டும்.

முதலில் பணம் வேண்டாத வேலைகள்

டெரெய்ன் லெவல் ஆப் டீட்டெயில், விமான நிலையப் போக்குவரத்து, நிறுத்தி வைத்திருக்கும் விமானங்களின் எண்ணிக்கை ஆகியவை பிராசசருக்குச் சுமை. மேகம், நிழல், ஆன்ட்டி அலையாசிங், ரெண்டர் ஸ்கேலிங் ஆகியவை கிராபிக்ஸ் கார்டுக்குச் சுமை. எது தடையோ, அந்த வரிசையை மட்டும் குறையுங்கள். நாங்கள் மேகத்தைத் தொடவில்லை, முதல் வரிசையைத்தான் குறைத்தோம். மதுரையில் 20 இருந்தது 27 ஆனது.

அடுத்தது தூசு. ஆடிக் காற்று அடிக்கும் நம் பகுதியில் ஒரே வருடத்தில் பிராசசர் பேன் பஞ்சு அடைத்தாற்போல் ஆகிவிடும். சூடு எல்லை மீறினால் பிராசசர் தன்னைக் காத்துக் கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, மென்மையான பிரஷ் கொண்டு சுத்தம் செய்யுங்கள். பல ஆண்டுகள் ஆகியிருந்தால் தெரிந்தவரை வைத்து தெர்மல் பேஸ்ட்டும் புதிதாகப் போடுங்கள்.

பணத்தைப் போடும் வரிசை

ராம்: சிமுலேட்டர் ஓடும்போது டாஸ்க் மானேஜரில் மெமரி 90 சதவீதத்தைத் தாண்டினால் ராம் போதவில்லை என்று பொருள். இடம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கைத் துணைக்கு அழைக்கும். படம் நின்று நின்று வரும். ஒரே 8 ஜிபி ஸ்டிக் இருந்த இடத்தில் இன்னொரு 8 ஜிபி சேர்த்தோம். இரண்டு ஸ்டிக்குகளாகப் போட்டால் தகவல் போகும் பாதையும் இரண்டாகும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு இதில் பலன் இன்னும் அதிகம்; ஏனென்றால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இதே ராமைத்தான் பங்கு போட்டுக் கொள்கிறது. டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 ஒன்றுக்கொன்று பொருந்தாது. பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துக் கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.

எஸ்.எஸ்.டி.: இதனால் எப்.பி.எஸ். பெரிதாக ஏறாது. ஆனால் சிமுலேட்டர் திறக்கும் நேரம் குறையும். பறக்கும் போது படம் உறைவதும் குறையும். ரோலிங் கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பையும் இதிலேயே வைத்தால், பறந்த வழியில் மீண்டும் பறக்கும்போது இன்டர்நெட்டுக்காகக் காத்திருக்க வேண்டியது குறையும்.

பிராசசர்: புதிது போட மதர்போர்டின் சாக்கெட் ஒத்துப் போக வேண்டும். பெரும்பாலும் போர்டு, ராம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டி வரும். சிமுலேட்டருக்கு கோர்களின் எண்ணிக்கையை விட ஒவ்வொரு கோரின் வேகமும் கேஷ் மெமரியின் அளவும் முக்கியம். 2022ல் வந்த ஏ.எம்.டி. ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசரில் 96 எம்.பி. எல்3 கேஷ் இருப்பதால்தான் விமானப் பிரியர்கள் அதைத் தேடி வாங்கினார்கள்.

கிராபிக்ஸ் கார்டு: மேலே சொன்ன சோதனையில் தடை இங்கேதான் என்று தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். கேபினட்டில் இடம் இருக்கிறதா, எஸ்.எம்.பி.எஸ். போதுமான வாட்ஸ் தருகிறதா, 6 பின் அல்லது 8 பின் இணைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தோப்பு மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் நம் ஊர்களில், மலிவான எஸ்.எம்.பி.எஸ்.ஸில் விலை உயர்ந்த கார்டை மாட்டுவது ஆபத்து. யு.பி.எஸ். கட்டாயம்.

மானிட்டர்: 4கே மானிட்டரில் சுமார் 83 லட்சம் புள்ளிகள், சாதாரண 1080பி மானிட்டரில் சுமார் 21 லட்சம். நான்கு மடங்கு வேலை! வேகம் போதாத கம்ப்யூட்டருக்கு 4கே மானிட்டர் வாங்குவது, வண்டி இழுக்காத மாட்டுக்கு இன்னும் நான்கு மூட்டை ஏற்றுவது போல.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் தந்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. எங்களுடையது போன்ற நான்காம் தலைமுறை இன்டெல் பிராசசர்கள் விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை. எனவே இத்தகைய கம்ப்யூட்டரில் பெரும் பணத்தைப் போட வேண்டாம். அடுத்த கம்ப்யூட்டருக்கும் பயன்படக் கூடிய எஸ்.எஸ்.டி., ஜாய்ஸ்டிக் போன்றவற்றை வாங்குங்கள். கம்ப்யூட்டர் மிகவும் பழையது என்றால் பிளைட்கியர் என்ற இலவச சிமுலேட்டரைப் போட்டுப் பாருங்கள். இது கேட்கும் வசதிகள் குறைவு. பறக்கும் அடிப்படைகளைக் கற்றுக் கொள்ள இது போதும்.

பணம் என்ன ஆயிற்று?

இரண்டாம் கை ராம், 500 ஜிபி எஸ்.எஸ்.டி., ஒரு ஜாய்ஸ்டிக். அக்கா கொடுத்ததில் பாதி கூடச் செலவாகவில்லை. இப்போது மதுரையில் எண் 28க்கும் 30க்கும் இடையே நிற்கிறது, படம் உறைவதில்லை. உண்மையில் அவனுக்கு அதிகம் உதவியது ஜாய்ஸ்டிக்தான். கீபோர்டில் தட்டித் தட்டி இறக்கியவன், இப்போது மெதுவாக மூக்கைத் தூக்கி, பின் சக்கரம் முதலில் தொடும்படி இறக்குகிறான்.

வீட்டில் பறக்கும் நேரம் பைலட் லைசென்சுக்குக் கணக்கில் வராது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். அவனுக்கும் தெரியும். மீதிப் பணத்தை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தபோது, “என்ன தம்பி, வேலை முடியலையா?” என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். அந்தப் பணம் அவன் பிசிக்ஸ் ட்யூஷனுக்குப் போனது.

நீங்களும் கடைக்குக் கிளம்பும் முன் அந்த அரை மணி நேரச் சோதனையைச் செய்து பாருங்கள். எந்தப் பாகம் தடுக்கிறது என்று எழுதிய காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டு செல்லுங்கள். அப்போது எதை வாங்குவது என்று முடிவு செய்பவர் நீங்களாக இருப்பீர்கள்.