சாயப்பட்டறைக்கு எந்த எரிபொருள்? முடிவு காணும் முறையைத் தேர்ந்தெடுத்தல்

சாயப்பட்டறைக்கு வெந்நீர் தர விறகுக் கொதிகலனா, எரிவாயுவா, சூரிய வெப்பக் கருவியா என்ற கேள்வி எழும்போது, செலவை மட்டும் பார்த்தல் போதாது. தொட்டியருகே நிற்போர் சுவாசிக்கும் புகையையும், மேகமூட்ட நாட்களில் வேலை தடைப்படுவதையும் சேர்த்தே நோக்க வேண்டும். இவ்வாறு பல அளவுகோல்களைக் கொண்டு முடிவு காண அறிஞர்கள் பல முறைகளை வகுத்துள்ளனர். முறை மாறினால் முடிவும் மாறக்கூடுமாதலின், முறையைத் தேர்வதே முதற் காரியமாகும்.

யாவற்றினும் எளியது மதிப்பெண் கூட்டும் முறை. ஒவ்வோர் அளவுகோலுக்கும் எடை தந்து, அதனை மதிப்பெண்ணால் பெருக்கிக் கூட்டுவது இது. விளக்கத்தின் பொருட்டு, செலவுக்கு 5, புகையின்மைக்கு 3, தடையின்மைக்கு 2 என எடை கொள்வோம். பத்துக்கு இடும் மதிப்பெண்கள், அதே வரிசையில், பின்வருமாறு இருக்கட்டும்:

விறகு: 9, 1, 9, கூட்டுத்தொகை 66.
சூரிய வெப்பமும் துணை அடுப்பும்: 6, 7, 6, கூட்டுத்தொகை 63.
எரிவாயு: 3, 9, 9, கூட்டுத்தொகை 60.

விறகே முதலிடம் பெறுகிறது. புகையில் அது பெற்ற ஒரே மதிப்பெண்ணைச் செலவுக் குறைவு ஈடுசெய்துவிட்டது. செலவின் எடையில் ஒன்றைப் புகையின்மைக்கு மாற்றினாலோ, எரிவாயு 66, சூரிய வெப்பம் 64, விறகு 58 என வரிசை புரண்டுவிடும்.

ஆகவே நாம் கேட்க வேண்டிய முதல் வினா யாதெனில், ஒன்றின் குறையை மற்றொன்றின் நிறை ஈடுசெய்யலாமா என்பதே. ஈடு ஆகுமெனில் கூட்டும் முறை போதுமானது. ஆகாதெனில் வேறு முறை வேண்டும். பிரெஞ்சு அறிஞர் பெர்னார் ருவா 1960களில் வகுக்கத் தொடங்கிய எலெக்டர் முறைகள் வழிகளை இரண்டிரண்டாக ஒப்பிடுகின்றன. ஒரு குறை வரம்பு மீறின், வேறு நன்மைகள் எத்தனை இருப்பினும் ‘இதுவே மேல்’ என்று கூற அவை இடந்தருவதில்லை. சங்க அளவில் இக்கருத்தை எளிய விதியாகக் கொள்ளலாம்: புகையின்மையில் 4-க்குக் குறைந்த வழி பரிசீலனைக்கு உரியதன்று.

விவசாயிகளுக்கும் இது பொருந்தும். சூரிய பம்பு எரிபொருட் செலவை நீக்குகிறது. ஆனால் அளவின்றி இறைத்தால் நிலத்தடி நீர்மட்டம் தாழும். அந்நட்டத்தை டீசல் மிச்சம் ஈடுசெய்யாது.

இரண்டாம் வினா, எடைகளை எங்ஙனம் நிர்ணயிப்பது என்பது. அமெரிக்க அறிஞர் தாமஸ் சாட்டி 1970களில் உருவாக்கிய படிநிலைப் பகுப்பாய்வு முறை, அளவுகோல்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு எடை காண்கிறது. கருத்துக்கள் முன்னுக்குப்பின் முரணாக உள்ளனவா என்பதையும் சோதிக்கிறது. ஆயினும் 5 அளவுகோல்களுக்கு 10 ஒப்பீடுகள் போதும். 10 அளவுகோல்களுக்கு 45 வேண்டும். பட்டியலைச் சுருக்கிக்கொள்ளுதல் நலம்.

மூன்றாவதாக, அம்முறை அங்கத்தினருக்கு விளங்குமா என்று பார்க்க வேண்டும். கடனைத் திருப்பிச் செலுத்துவோரும் புகையைச் சுவாசிப்போரும் அவர்களே. விளங்காத கணக்குக்கு அவர்கள் கையுயர்த்துவது சம்மதமாகாது.

எனவே நிர்வாகக் குழுவினர் விலைப்புள்ளிகளைத் திறப்பதற்கு முன்பே எடைகளையும் வரம்புகளையும் தீர்மானித்து நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்க. பின்னர் எடைகளைச் சிறிது மாற்றிக் கணக்கிட்டுப் பார்க்க. அப்போதும் நிலைக்கும் முடிவைத் துணிந்து ஏற்கலாம். புரளும் முடிவைப் பொதுக்குழுவின் விவாதத்திற்கு வைத்தலே முறை.