வருகைத் தொகையும் அன்பின் அளவும்

இசையன்பர் நடத்தும் இணையத்தளங்கட்கு வருவோர் தொகை நாளும் பெருகுகின்றதெனக் கேட்டு மகிழ்கின்றோம். அத்தொகை எதனைக் காட்டுவதென ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

10 படங்களமைந்த பக்கமொன்றை ஒருவர் ஒருமுறை திறப்பின், தளத்தைத் தாங்கும் கணினி 11 கோப்புகளை அனுப்புகின்றது. கோப்புகளையே எண்ணுங்கால், வந்தவர் ஒருவரே 11 பேராய்த் தோன்றுவர். ஆதலின், எண் பெருகுதல் அன்பு பெருகுதலாகாது.

அன்பின் அளவினைச் செயலே காட்டும். 1997-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் மரில்லியன் இசைக்குழுவினர் பொருட்குறைவால் அமெரிக்கா செல்லவியலாதிருந்தபோது, அவர்தம் அன்பர் இணையத்தின்வழி ஒன்றுகூடி ஏறத்தாழ 60,000 டாலர் திரட்டி உதவினர். 2001-இல் வெளியான அவர்தம் இசைத்தொகுப்பிற்கோ, அது பதிவாகுமுன்னரே 12,000-க்கு மேற்பட்டோர் விலை செலுத்தினர்.

எத்துணையர் வந்தனர் என்பதினும், வந்தவருள் எத்துணையர் நிலைத்தனர் என்பதே நாம் நோக்கற்பாலது.