பாரம் பெரிதில்லை, ஆட்டம்தான் ஆபத்து

சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகளுக்குப் பெரிய தொட்டி வாங்க வருகிறவர்கள் மீனைப் பற்றி ஆற அமர விசாரிப்பார்கள். ஃபில்டர், விளக்கு, கூழாங்கல் என்று ஒவ்வொன்றுக்கும் பேரம் நடக்கும். தொட்டியை எதன் மேல் வைப்பது என்ற பேச்சு, வண்டியில் ஏற்றும் நேரத்தில்தான் கிளம்பும். சிலர் இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டையும் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். சிலர் வீட்டில் சும்மா கிடக்கும் டி.வி. மேசையே போதும் என்கிறார்கள். மரத்தில் தாங்களே செய்துகொள்ளலாம் என்று துணிகிறவர்களும் உண்டு. துணியலாம். ஆனால் ரம்பத்தை எடுப்பதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டு அடி உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 12 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்பதால் மொத்தம் 340 லிட்டர், அதாவது 340 கிலோ தண்ணீர். 12 மி.மீ. கண்ணாடியில் செய்த தொட்டி வெறுமனே 80 கிலோ வரும். அடியில் இரண்டு அங்குலத்துக்கு மணல் பரப்பினால், அது இடம்பெயர்க்கும் நீரைக் கழித்த பிறகும் 30 கிலோ கூடும். ஆக 450 கிலோ. ஏழு பேர் ஆறு சதுர அடி இடத்தில் நெருக்கியடித்து நிற்கிற பாரம் இது. அந்த ஏழு பேரும் இரவும் பகலும் ஆண்டுக்கணக்கில் இறங்கவே மாட்டார்கள்.

இந்த எண்ணைக் கேட்டதும் பலரும் செய்வது, கால்களைத் தடித்தடியாக வாங்குவது. பணம் வீணாவது இங்கேதான். மரத்தை அதன் நார் ஓடும் திசையில் நிறுத்தி அழுத்தினால் அது அசாத்தியமான பாரத்தைத் தாங்கும். மூன்றுக்கு மூன்று அங்குலக் காலின் குறுக்குப் பரப்பு 58 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ என்று, நொறுங்கும் எல்லைக்கு வெகு கீழே கணக்கிட்டாலும், இரண்டரை அடி உயரமுள்ள ஒற்றைக் கால் 2,900 கிலோவைத் தாங்கும். நம் தொட்டி அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. கால் நசுங்கித் தொட்டி விழுந்தது என்று யாராவது சொன்னால், அந்தக் காலைக் கறையான் அரித்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

படுக்கைச் சட்டத்தின் கதை வேறு. நான்கு அடி நீளச் சட்டம் இரண்டு முனைகளில் மட்டும் தாங்கப்பட்டால் நடுவில் தொய்யும். 1638-இல் வெளியான தன் கடைசி நூலில் கலிலியோ இந்த விஷயத்தை ஆராய்ந்தார். ஒரே பலகையைப் படுக்க வைப்பதைவிட அகலம் மேல்கீழாக வரும்படி நிமிர்த்தி வைத்தால் ஏன் வலுவாகிறது என்று அவர் கேட்டார். முறியாத வலு உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்ற அவருடைய விடை சரியாகவே இருந்தது. தொய்வைப் பொறுத்தவரை லாபம் இன்னும் அதிகம். அது உயரத்தின் கனத்துக்கு, அதாவது மூன்றாம் படிக்கு ஏற்பக் குறைகிறது என்பதைப் பின்னால் வந்தவர்கள் கணித்தார்கள்.

எண்ணில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இரண்டுக்கு நான்கு அங்குலத் தேக்குச் சட்டம் ஒன்று நம் தொட்டியின் பாதிப் பாரத்தைச் சுமக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிர்த்தி வைத்தால் நடுவில் 1.2 மி.மீ. தொய்வு, படுக்க வைத்தால் ஏறக்குறைய 5 மி.மீ. மரமும் ஒன்று, விலையும் ஒன்று, தொய்வு மட்டும் நான்கு மடங்கு. நடுவில் ஒரு கால் கூடுதலாகக் கொடுத்தாலோ தொய்வு பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கி, அளந்து பார்க்கவே முடியாத அளவுக்கு வந்துவிடும். மரம் நீண்ட காலப் பாரத்தில் மெல்ல மெல்ல மேலும் வளையும் சுபாவம் கொண்டது. இன்றைய 5 மி.மீ. சில ஆண்டுகளில் 8 மி.மீ. ஆகலாம். ஆகவே நடுக்கால் அவசியம். முன்பக்கம் அலமாரிக் கதவு வைக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று அதைத் தவிர்க்கிறவர்கள், சட்டத்தின் உயரத்தையாவது ஆறு அங்குலமாக்கிக்கொள்ள வேண்டும்.

இனி உண்மையான எதிரிக்கு வருவோம். காலித் தீப்பெட்டியின் மேலுறையை மட்டும் எடுத்து மேசையில் வைத்து, மேலே விரலால் அழுத்தினால் தாங்கும். பக்கவாட்டில் லேசாகத் தட்டினால் சாய்சதுரமாகிப் படுத்துவிடும். குச்சி அடுக்கும் உள்பெட்டியைச் செருகிவிட்டால் அதே உறை அசையாது. நான்கு கால், மேலே நான்கு சட்டம், கீழே நான்கு சட்டம் என்று மட்டும் செய்த ஸ்டாண்ட் அந்த வெற்று உறைதான். நான்கு பக்கங்கள் கொண்ட எந்தச் சட்டகமும் மூலைகளில் திருகிக்கொள்ளும். மூன்று பக்கங்கள் கொண்டதால் அப்படிச் செய்ய முடியாது. பாலங்களிலும் மின்கோபுரங்களிலும் முக்கோணம் முக்கோணமாகக் கம்பிகள் ஓடுவதற்கும் இதுவே காரணம். மேலே 450 கிலோ இருக்க, ஒரு குழந்தை தொட்டியைப் பிடித்துத் தொங்கினாலோ, வீட்டைப் பெருக்குகிறவரின் தோள் பட்டாலோ வருகிற பக்கவாட்டுத் தள்ளல் சிறியதுதான். ஆனால் சட்டகம் ஓர் அங்குலம் சாய்ந்ததும் தொட்டியின் எடையே அதை மேலும் சாய்க்கத் தொடங்கும். தண்ணீர் உள்ளே அலைமோதினால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

மருந்து மலிவானது. பின்பக்கம் முழுவதையும் அடைத்து 12 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்றைப் பசை தடவி, ஆறு அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ வீதம் முடுக்க வேண்டும். இரு பக்கவாட்டிலும் அப்படியே. பிளைவுட்டில் அடுத்தடுத்த ஏடுகளின் நார் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால், அது எந்தத் திசையிலும் எளிதில் சாய்சதுரமாகாது. அலங்காரத்துக்காக அடிக்கிற மெல்லிய ஹார்டுபோர்டு இந்த வேலைக்கு ஆகாது. மொத்தச் செலவில் எங்காவது தாராளம் காட்ட வேண்டுமென்றால் இந்த மூன்று பலகைகளில் காட்டலாம்.

இணைப்புகளில் ஒரே ஒரு விதி: மரத்தின் மேல் மரம் உட்கார வேண்டும், ஸ்க்ரூவில் மரம் தொங்கக் கூடாது. காலின் பக்கத்தில் சட்டத்தை வைத்து இரண்டு ஸ்க்ரூ முடுக்கினால், முழுப் பாரமும் அந்த இரண்டு கம்பிகளின் மேல்தான். அதுவும் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கறுப்பு ஸ்க்ரூக்கள் ஜிப்சம் பலகைக்கு ஆனவை. அவை வளையாமல் படக்கென்று ஒடியக்கூடியவை. இதற்குப் பதில் காலின் உச்சியில் பாதிக் கனத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்த வெட்டில் சட்டத்தை உட்கார வைத்தால் பாரம் நேராகக் காலுக்குள் இறங்கிவிடும். ஸ்க்ரூவுக்கு அப்புறம் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டும்தான். துளையிட்டுக் கழுந்து செருகும் நம் ஆசாரிகளின் பழைய முறையும் இதே தத்துவம்தான். கைத்திறன் இருந்தால் அதற்கு இணை கிடையாது.

எல்லாம் முடுக்கி இறுக்குவதற்கு முன் மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு குறுக்களவும் சமமாக இருந்தால்தான் சட்டகம் சதுரத்தில் நிற்கிறது என்று பொருள்.

மேல்தளம் சமமாக இருக்க வேண்டும் என்பதைத் தச்சரும் சொல்வார், மீன் கடைக்காரரும் சொல்வார். ஏன் என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. நீரின் அழுத்தம் ஆழத்தை மட்டுமே பொறுத்தது என்று சைமன் ஸ்டீவின் 1586-இல் எழுதினார். இரண்டு அடி ஆழத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 61 கிராம். மேலிருந்து கீழ்வரை சராசரி பார்த்தால், முன்பக்கக் கண்ணாடியைத் தண்ணீர் 227 கிலோ விசையுடன் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. பின்பக்கத்தில் அதே விசை எதிர்த்திசையில் இருப்பதால் ஸ்டாண்டுக்கு இது தெரியாது. தாங்குவது ஓரங்களில் உள்ள சிலிக்கான் பசை. ஏற்கெனவே இவ்வளவு இழுபடும் அந்த ஓரங்களுக்கு முறுக்கும் சேர்ந்தால்தான் வினை. தொட்டி முழுவதும் ஒரு பக்கம் ஒரு நூல் சாய்ந்திருந்தால் பெரிய கெடுதல் இல்லை. மூன்று மூலைகள் ஒரே தளத்தில் இருந்து நான்காவது மட்டும் ஒரு நூல் இறங்கியிருந்தால் கெடுதல் உண்டு. கண்ணாடிக்கு வளைந்துகொடுக்கத் தெரியாது. தொட்டிக்கு அடியில் போடும் அரை அங்குலத் தெர்மாகோல் சின்ன மேடுபள்ளங்களை விழுங்கிவிடும், ஆனால் முறுக்கிய சட்டகத்தை அது காப்பாற்றாது. ரசமட்டத்தை நீளவாக்கில் வைத்தால் போதாது. குறுக்கிலும், இரண்டு மூலைவாக்கிலும் வைத்துப் பார்க்க வேண்டும்.

எந்த மரம்? வைரம் பாய்ந்த தேக்கு ஈரத்துக்கும் கறையானுக்கும் எளிதில் இடம் கொடுக்காது. அதே தேக்கில் வெளிறிய மேல்பகுதிக்கு அந்தக் குணம் கிடையாது. தேக்குக்குக் கைக்காசு போதாதவர்கள் நன்றாகக் காய்ந்த வேறு உள்ளூர் மரத்தையும் எடுக்கலாம். காய்ந்திருப்பதுதான் முக்கியம். பச்சை மரம் உலரும்போது நீளவாக்கில் அநேகமாகக் குறையாது. குறுக்கில் 5 சதவீதத்துக்கு மேலும் சுருங்கலாம். நான்கு அங்குலச் சட்டத்தில் அது ஐந்து மி.மீ. சமமாக இருந்த தளம் கோணலாக அவ்வளவு போதும். பிளைவுட் வாங்கும்போது ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ரகமாகக் கேட்க வேண்டும். பார்ட்டிகிள் போர்டு பக்கமே போக வேண்டாம். தண்ணீர் பட்டால் ஊதி உதிரும் பொருளை மீன் தொட்டிக்குக் கீழே வைப்பதில் அர்த்தமில்லை.

வாரந்தோறும் தண்ணீர் மாற்றும்போது சிந்தும், தரை துடைக்கும்போது காலடி நனையும். மரம் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது வெட்டுமுனை வழியாகத்தான். செட்டிநாட்டு வீடுகளில் மரத்தூண்கள் நேரே தரையில் ஊன்றாமல் கல்லின் மேல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்டாண்டின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் கிரானைட் துண்டோ கட்டி ரப்பரோ வைத்து, வெட்டுமுனைக்கு வார்னிஷை இரண்டு மூன்று முறை கூடுதலாகப் பூசினால் போதும்.

தரையையும் மறக்கலாகாது. இந்தியத் தரநிர்ணயப்படி வீட்டுத் தளங்கள் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ பயன்பாட்டுப் பாரத்துக்கு வடிவமைக்கப்படுகின்றன. நம் தொட்டி தான் நிற்கும் இடத்தில் 800 கிலோ வீதம் அழுத்துகிறது. கான்கிரீட் தளம் அதைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும் என்றாலும், மாடி வீடுகளில் அறையின் நடுவைத் தவிர்த்து, அடியில் உத்தரமோ சுவரோ உள்ள ஓரமாக வைப்பதே நல்லது. வெளியே நீண்டிருக்கும் பால்கனியில் வைக்கவே கூடாது. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளின் மேல்மாடி என்றால் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

செய்து முடித்ததும் மீனை விட அவசரப்பட வேண்டாம். முதல் நாள் பாதித் தண்ணீர், அடுத்த நாள் முழுத் தண்ணீர், பிறகு ஒரு வாரம் சும்மா விட்டுவைத்து ரசமட்டத்தால் மறுபடி பாருங்கள். எங்காவது சாய்ந்திருந்தால் தண்ணீர் முழுவதையும் இறைத்த பிறகே காலுக்கடியில் கை வையுங்கள். நிரம்பிய தொட்டியை அங்குல அளவுக்குக்கூட நகர்த்த முயல வேண்டாம்.