முதுகு விரிய வேண்டுமா? இழுங்கள்!

"டாக்டர், தினமும் நூறு தண்டால் எடுக்கிறேன். நெஞ்சு நல்லா வந்துடுச்சு, முதுகு மட்டும் அப்படியே இருக்கு. அமுக்கரா சூரணம் சாப்பிட்டா விரியுமா?" என்று கேட்டு வரும் இளைஞர்கள் அநேகம்.

விரியாது தம்பி! வேலை கொடுக்காத தசையை எந்தச் சூரணமும் வளர்க்காது. (சித்த வைத்தியரே இப்படிச் சொல்கிறாரே என்று பார்க்காதீர்கள்.)

தண்டால், தள்ளுகிற பயிற்சி. அதில் உழைப்பது மார்பும் தோளும்தான். முதுகின் அகலமான தசையோ கீழ்முதுகிலும் இடுப்பெலும்பிலும் தொடங்கி, அக்குளுக்குக் கீழாகப் போய் மேற்கை எலும்பில் முடிகிறது. கையைக் கீழேயும் பின்னேயும் இழுப்பதே அதன் வேலை.

ஆகவே, முதலிடம் பார் பயிற்சிக்கு. கம்பியில் தொங்கி, முழங்கையை விலாப்பக்கம் இறக்குவதாக நினைத்துக்கொண்டு உடம்பை ஏற்றுங்கள். ஒன்றுகூட வரவில்லையா? ஸ்டூல் மேல் ஏறி, மோவாய் கம்பிக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, ஐந்து எண்ணும்வரை மெதுவாக இறங்குங்கள். நாளடைவில் ஏறவும் வரும். உதறி, ஆடி ஏறுவதெல்லாம் கணக்கில் சேராது!

அடுத்து, ஒரு கையைப் பெஞ்சில் ஊன்றி, மறுகையால் டம்பெல்லை இடுப்பு நோக்கி இழுப்பது. முதுகு பலகை போல நேராக இருக்கட்டும். கூன் போட்டுத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். 8 முதல் 12 முறை, மூன்று சுற்று. வாரத்தில் இரண்டு நாள் போதும்.

கூடவே முட்டை, சுண்டல், நிலக்கடலை. 'சீக்கிரம் வரும்' என்று யாராவது ஸ்டீராய்டு ஊசியை நீட்டினால் தொடாதீர்கள். இருதயத்தையும் ஆண்மையையும் கெடுக்கும். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.