திரும்பத் திரும்ப வரும் நீர்க்கடுப்பு

கிருஷ்ணநகரிலிருந்து கல்கத்தாவின் சியால்தா நிலையத்துக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தூரம் ஓடிவரும் மின்சார லோக்கல் வண்டியில் கழிப்பறை கிடையாது. ஆகவே அன்றாடம் அதில் வேலைக்குப் பிரயாணம் செய்யும் பெண்கள், கைப்பையில் தண்ணீர் பாட்டில் ததும்ப இருந்தும், அதைத் திறந்தால் வழியில் அவஸ்தைப்பட நேருமே என்று அஞ்சி, வீட்டிலிருந்து புறப்படுமுன்பே தாகத்தை அடக்கிக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள். துர்கா பூஜை இரவுகளில் பந்தல் பந்தலாகச் சுற்றிவரும் ஸ்திரீகளின் நிலையும் இதுவே. இப்படி உடம்பு வாடி, பிறகு நீர்க்கடுப்பு வந்தால் அதைச் 'சூடு' என்று சொல்லித் தள்ளுவதும், சுத்தம் போதாது என்று அவர்கள்மீதே பழி சுமத்துவதும் கொஞ்சமும் நியாயமன்று.

1885இல் எஷெரிக் என்ற ஜெர்மானிய வைத்தியர் கண்டு விவரித்த ஈ.கோலை என்னும் கிருமியே பெரும்பாலும் இதற்குக் காரணம்; அது நம் எல்லோருடைய குடலிலும் சாதுவாக வாசம் செய்வது. பெண்களின் சிறுநீர்த் தாரை சுமார் நான்கு சென்டிமீட்டர் நீளமே உள்ளதால், அது சுலபமாக மேலேறி மூத்திரப்பையை அடைந்துவிடுகிறது. அடிக்கடி கழியும் சிறுநீர் அதை அடித்துக்கொண்டு போகும். அடக்கிவைத்தால் அது பெருகும். ஆறு மாதத்தில் இருமுறையோ, ஓராண்டில் மும்முறையோ வந்தால் அதை மீண்டும் மீண்டும் வரும் தொற்று என்று வைத்தியர்கள் கணக்கிடுகிறார்கள்.

இதற்கு முதல் ஔஷதம் ஜலமே என்பது பாட்டி வைத்தியம் மட்டுமன்று. குறைவாகத் தண்ணீர் குடித்துவந்த, அடிக்கடி இத்தொற்றுக்கு ஆளான 140 பெண்களைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், வழக்கத்துக்கு மேல் தினமும் ஒன்றரை லிட்டர் பருகியவர்களுக்கு ஓராண்டில் சராசரி 1.7 முறையும், மற்றவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. இருதயமோ சிறுநீரகமோ பழுதுபட்டவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டுக்கொண்டே அளவைக் கூட்ட வேண்டும். தாம்பத்திய உறவுக்குப் பின் சிறுநீர் கழிப்பதும் நல்ல பழக்கம். லஜ்ஜைப்பட்டு இதை யாரும் சொல்லித்தருவதில்லை.

கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கத்து நம் தமிழ்க் குடும்பங்களிலும், "தாதா (அண்ணா), போன தடவை கொடுத்த அதே மாத்திரை நாலு" என்று கடையில் கேட்டு வாங்கும் வழக்கம் உண்டு. 2014 மார்ச் முதல் பல ஆன்டிபயாடிக் மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கலாகாது என்றும், விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் சட்டமிருந்தும், இவ்வழக்கம் முற்றிலும் ஒழிந்தபாடில்லை. போன தடவை பலித்த மருந்துக்கு இம்முறை கிருமி பணியாமலிருக்கலாம். ஆதலால், மாத்திரையை விழுங்குமுன் யூரின் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுவதே விவேகம். எரிச்சலோ வேறு தொந்தரவோ இல்லாமல், பரிசோதனையில் மட்டும் கிருமி தென்பட்டால், கர்ப்பிணிகளைத் தவிரப் பெரும்பாலோர்க்குச் சிகிச்சையே தேவையில்லை என்பது அநேகர் அறியாத விஷயம்.

மாதவிடாய் நின்றபின் தொல்லை மிகுந்தவர்களுக்கு, பெண்ணுறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு பெரிதும் உதவும் என்பது 1993லேயே நிரூபணமானது. ஆயினும் வெட்கத்தால் கேட்பாரும் குறைவு, சொல்வாரும் குறைவு. சர்க்கரை வியாதிக்காரர்கள் சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டும். ஆண்களுக்கு இத்தொற்று மறுபடி வந்தால் காரணத்தைத் தேடியாக வேண்டும்.

குளிர்ஜுரமும், விலாவின் பின்புறத்து வலியும், வாந்தியும் சேர்ந்து வந்தால் தொற்று சிறுநீரகத்தைத் தொட்டிருக்கக்கூடும்; அப்போது பார்லிக் கஞ்சியையும் இளநீரையும் நம்பிக் காத்திராமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.